அவாலே சத்தியம் செய்த ஏணி

எங்கள் கல்ஹமூரில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. நொண்டியை நொண்டி என்றும் பல்லனைப் பல்லன் என்றும் முகத்துக்கு நேரே கூப்பிடுவோம். அவனும் திரும்பிப் பார்ப்பான். அவாலேக்குக் கை கால் பல் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் ஊர் கொஞ்சம் உள்ளே தேட வேண்டியிருந்தது. தேடி வைத்த பெயர் 'இரட்டை நெஞ்சு.' தேநீரில் ஒட்டகப்பால் விடட்டுமா ஆட்டுப்பால் விடட்டுமா என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். பெண் கேட்கக் கிளம்பி இரண்டு தடவை பாதி வழியில் திரும்பியவன் அவன். மூன்றாவது தடவை அந்தப் பெண் அர்தோவே ஆள் விட்டு, வருவதானால் வரட்டும், இல்லாவிட்டால் எனக்கு ஆடு மேய்க்கிற வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். அதன் பிறகுதான் வந்தான்.

கடலில் இறங்கிவிட்டால் மட்டும் அவனுக்கு ஒரு நெஞ்சுதான் இருந்தது. அங்கே யாரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை, அதனாலும் இருக்கலாம். ஃபைபர் படகு ஒன்று, எஞ்சின் ஒன்று, நீள வலை ஒன்று, கூட்டாளியாகக் கிழவன் புராலே. பொஸாஸோ சந்தையில் சூரை மீனையும் சுறாவையும் போட்டுவிட்டு அரிசி, சர்க்கரையோடு திரும்புவார்கள். அந்த நிம்மதியையும் கெடுக்க ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தவை வெளிநாட்டு இழுவைப் படகுகள். எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு கரைவரை வந்து வாரிக்கொண்டு போயின. அவற்றை விரட்டுகிறோம் என்று எங்கள் பையன்கள் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். தங்களுக்குக் கடல் காவலர்கள் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். காவல் காத்தவர்கள் கொஞ்ச நாளில் சரக்குக் கப்பல்களைப் பிடித்து வைத்துப் பணம் கேட்க ஆரம்பித்தார்கள். உடனே அந்தக் கப்பல்களைக் காக்க உலகத்தில் இருக்கிற நாடெல்லாம் சாம்பல் நிறப் போர்க்கப்பல்களை அனுப்பிவிட்டது. ஆக, எங்கள் கடலைக் காக்க எல்லோரும் வந்துவிட்டார்கள். மீன்தான் வரவில்லை.

அவாலேக்குத் தலை சுற்றியது. சாம்பல் கப்பல்கள் வந்த பிறகுதான் நிவாரணச் சோளமும் எண்ணெயும் பொஸாஸோ துறைமுகத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தன. அர்தோவின் அடுப்பில் வெந்ததே அந்தச் சோளம்தான். அதே கப்பல்களின் கண் எதிரே இழுவைப் படகுகள் தாராளமாக மீன் பிடித்தன. அவற்றை யாரும் நிறுத்தவில்லை. நல்லவர்களா கெட்டவர்களா என்று புராலேயிடம் கேட்டான். பெரியவர்கள் என்றான் புராலே. கிழவனிடம் வேறு என்ன பதில் கிடைக்கும்.

இதற்கு நடுவில் வானொலிக்காரர்கள் வேறு தினமும் புத்தி சொன்னார்கள். மீனவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, பெரிய கப்பல் பக்கம் போகவே கூடாது, மீனவன்தான் என்று தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். மீனவன் என்று எப்படித் தெரியும், படகில் மீன் இருந்தால்தானே தெரியும் என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டினார்கள். அதிலிருந்து கடலுக்குப் போகும்போதே ஆளுக்கொரு காய்ந்த சுறாத்தலையைப் படகில் போட்டுக்கொண்டு போனார்கள். உலகத்தில் மீன் பிடிக்க மீனோடு போனவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அவாலேயின் சுறாத்தலை மட்டும் சரியாகக் காயாததால் அவன் படகு பத்துப் படகுக்கு அப்பாலேயே மணத்தது.

பருவக்காற்றால் கடல் மூடிக் கிடந்த கோடை முடிந்து மறுபடி திறந்த சமயம். அர்தோவுக்கு ஒரே தம்பி, ஷிர்வா. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வீட்டுக்குக் கல்சுவரும் எழுப்பிவிட்டான். கூரை மட்டும் பாக்கி. கூரை போடாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று பெண் வீட்டார் கறாராக நின்றார்கள். அவாலே பொஸாஸோ கிளம்பும்போது ஷிர்வா வந்து, தகரம் ஏற்றுவதற்கு ஓர் அலுமினிய ஏணி செய்யச் சொல்லியிருக்கிறேன், பட்டறையில் சொன்னால் கொடுப்பார்கள், படகில் போட்டுக்கொண்டு வந்துவிடு என்றான். எங்கள் பக்கம் சாலை என்று ஒன்று பெயருக்குத்தான் உண்டு. ஒட்டகத்தைத் தவிர எல்லாமே கடல் வழியாகத்தான் வரும். அவாலே இதற்கு மட்டும் யோசிக்கவில்லை. மச்சினன் கல்யாணமாயிற்றே.

ஏணி நீளமாக, லேசாக, பளபளவென்று இருந்தது. உச்சியில் இரண்டு வளைந்த கொக்கிகள். இது எதற்கு என்று அவாலே கேட்டதற்கு, சுவர் விளிம்பில் மாட்டினால் வழுக்காது என்றான் பட்டறைக்காரன். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

திரும்பும் வழியில் வலை விட்டார்கள். விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில், தூரத்தில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் நேராக வலையைப் பார்த்து வந்தது. வலை போனால் அந்தப் பருவமே போனது. எங்கள் அப்பன் காலத்திலிருந்து இதற்கு ஒரு வழி உண்டு: படகை முடுக்கிக்கொண்டு கப்பலுக்கு முன்னால் போக வேண்டும், துணியை வீசிக் காட்ட வேண்டும், வலை முடிகிற பக்கத்தைக் கையால் காட்ட வேண்டும். கப்பல் ஒரு தடவை ஊதிவிட்டு ஒதுங்கிப் போகும். வானொலி சொன்னதும் அப்பன் சொன்னதும் அவாலே காதில் ஒன்றாகக் கேட்டன. வலையின் மிதவைகளைப் பார்த்தான். எஞ்சினை முறுக்கிவிட்டான்.

இடுப்புக் கைலியை அவிழ்த்து வீசினான். உள்ளே கால்சட்டை இருந்தது, பாதகமில்லை. கப்பல் ஒதுங்கவில்லை. இவர்களைப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாக, இன்னும் கிட்டே போனான். கப்பலிலிருந்து சங்கு அலறியது, பக்கவாட்டில் குழாய்கள் தண்ணீரைப் பீய்ச்சின. அப்போதும் அவனுக்கு விளங்கவில்லை. துணி தாழ இருப்பதால்தான் தெரியவில்லை என்று தோன்றியது. கைலியை ஏணியின் கொக்கியில் கட்டி, ஏணியை நிமிர்த்திப் பிடிக்கும்படி புராலேயிடம் சொன்னான். கொள்ளையர்கள் நிறைந்த கடலில், பெரிய கப்பலைத் துரத்திக்கொண்டு, கொக்கி வைத்த ஏணியைக் கொடிமரம் மாதிரி தூக்கிப் பிடித்த ஆள் அவன் ஒருவன்தான்.

கப்பல் வலையின் மேலேயே ஏறிப் போனது. அவாலே வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி முடிப்பதற்குள் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் நின்றது. புராலே ஏணியைக் கீழே போட்டுவிட்டு, மீன்காரன் என்று காட்டுவதற்காக, அழுகின சுறாத்தலையை இரண்டு கையாலும் தூக்கி ஹெலிகாப்டருக்குக் காட்டினான்.

சாம்பல் கப்பலின் மேல்தளத்தில் இருவரையும் நிழலில் உட்காரவைத்தார்கள். கை கட்டியிருந்தது, ஆனால் குடிக்கத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அதிலேயே அவாலேக்குப் பாதிக் குழப்பம். கட்டுகிறவன் ஏன் ஊட்டுகிறான்?

கேள்வி கேட்க ஓர் அதிகாரி, மொழிபெயர்க்க எங்கள் இனத்தவனே ஒருவன். பாஷே என்று பெயர். சின்ன வயதிலேயே நாட்டைவிட்டுப் போனவன். தெற்கத்திப் பேச்சு, அதிலும் பாதி மறந்த பேச்சு. யார் நீ என்று கேட்டான். எங்களில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அவாலே நிமிர்ந்து உட்கார்ந்து, அவாலே, நூர், எல்மி, ஸமதர், ரோப்லே, ஹிர்ஸி என்று தகப்பன், பாட்டன், பூட்டன் வழியாக மேலே ஏறிப் போனான். எங்கேயாவது ஒரு பாட்டன் பாஷேயின் பாட்டனோடு ஒட்டிவிட்டால் பிழைத்தோம் என்பது அவன் கணக்கு. அதிகாரி ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொண்டார். முடிந்ததும், இவர்கள் எல்லாரும் இப்போது எங்கே என்று கேட்டார்.

"செத்துப் போயிட்டாங்க," என்றான் அவாலே.

அதிகாரி முகம் மாறியது. எப்போது, எந்தச் சண்டையில், யார் கொன்றது என்று கேள்வி மேல் கேள்வி. பாஷே தலையில் கை வைத்துக்கொண்டு, இவர்கள் கூட்டாளிகள் இல்லை, முன்னோர்கள் என்று விளக்கி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவாலேக்கோ தன் ஹிர்ஸிப் பாட்டன்மேல் இவர்களுக்கு என்ன கோபம் என்றே புரியவில்லை.

அப்புறம் ஏணியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார்கள். மீன் பிடிக்க ஏணி எதற்கு என்று கேள்வி. அவாலே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்: மனைவி அர்தோ, அவள் தம்பி ஷிர்வா, கல்சுவர், கூரைத் தகரம், பிடிவாதம் பிடிக்கிற பெண் வீட்டார். பாஷே கொக்கியைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, நான் இந்தக் கப்பலுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. இந்த மாதிரி ஏணி நிறையப் பாத்துட்டேன். எல்லாம் கப்பல் மேல ஏறத்தான் வந்துச்சு, எதுவும் கூரைக்குப் போனதில்ல."

"இது போகும் தம்பி. அல்லா மேல சத்தியமா இது என் மச்சினன் வீட்டுக் கூரைக்குத்தான்."

பாஷே அதிகாரியிடம் திரும்பி நெடுநேரம் பேசினான். என்ன பேசினான் என்று அவாலேக்குத் தெரியாது. நடுவில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து கைக்கட்டை அவிழ்த்தான்.

"உங்க பேச்சுக்கு நான் ஜவாப்தாரின்னு சொல்லியிருக்கேன். படகைப் படம் எடுத்து வச்சிருக்காங்க. இனி அதுல ஏணியப் பாத்தா கேள்வி கிடையாது, படகை மூழ்கடிச்சுருவாங்க. என் முகத்துல கரியப் பூசிடாதீங்க."

ஏணியைக் கடலில் தள்ளிவிட்டு, அறுந்த வலையின் மிச்சத்தோடு இவர்களை அனுப்பிவைத்தார்கள். வலைக்கு யாரைக் கேட்பது என்று பாஷேயிடம் கேட்க நினைத்தான் அவாலே. தனக்காக ஜவாப்தாரி ஆனவனிடம் நஷ்டம் கேட்பது சரியா என்று யோசித்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது.

கரையில் ஷிர்வா காத்திருந்தான். ஏணி போய்விட்டது என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே மச்சான் என்பதில்லை. கொக்கியைப் பற்றி ஏதும் கேட்டார்களா என்பது. அவாலே நடந்ததை விவரித்தான். சத்தியம் செய்ததைச் சொன்னபோது ஷிர்வா சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உட்கார்ந்து, மணலைக் கிளறிக்கொண்டு, உண்மையைச் சொன்னான். கூரைக்குத் தகரம் வாங்கவே கையில் காசு இல்லை, ஏணி வைத்து என்ன செய்ய? பணம் போடுகிற ஒருத்தன் மலைப்பக்கம் இருக்கிறான், அவன்தான் ஏணிக்கும் துப்பாக்கிக்கும் டீசலுக்கும் பொறுப்பு. ஒரே ஒரு கப்பல் கிடைத்தால் போதும், கூரை என்ன, மாடியே கட்டிவிடலாம்.

"இப்ப உன் படகை அவங்களே பாத்துட்டு, மீன்காரன்னு விட்டுட்டாங்க. இனி இந்தக் கரையில அதைவிட நல்ல படகு ஏது மச்சான்? வெள்ளிக்கிழமை எடுத்துக்கிறோம்."

கேட்கவில்லை, சொன்னான். அவன் பின்னால் நின்ற இரண்டு பேர் தோளில் துப்பாக்கி இருந்தது.

அவாலே பள்ளிவாசலுக்குப் போய் இமாமிடம் கேட்டான். தெரியாமல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன், பாவமா? தெரியாமல் செய்ததற்குப் பாவமில்லை என்றார் இமாம். இப்போது தெரிந்துவிட்டதே, இனி அந்த மனிதனைப் பார்த்தால் என்ன சொல்வது என்று கேட்டான். அப்படியானால் அந்த மனிதனைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு இமாம் தொழுகைக்கு எழுந்துவிட்டார். அர்தோவிடம் சொன்னான். அவன் என் ஒரே தம்பி என்றாள் அவள். படகைக் கொடு என்கிறாளா, கொடுக்காதே என்கிறாளா? அவளுக்கே தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஷிர்வாவும் ஆட்களும் டீசல் பீப்பாய்களோடு கரைக்கு வந்தார்கள். அவாலே படகுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான், கையில் விறகு வெட்டுகிற கோடாலி. காலையிலிருந்தே அப்படி நின்றிருந்தானாம். அவர்கள் படகைத் தள்ளக் கை வைத்தபோது அவன் உள்ளே ஏறி, அடிப்பலகையில் ஓங்கிப் போட்டான். மறுபடியும் போட்டான். ஃபைபர் கிழிந்து மணல் தெரிகிறவரை நிறுத்தவில்லை. சாம்பல் கப்பல் ஒரு குண்டை மிச்சம் பிடித்தது என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஷிர்வா கிட்டே வந்தான். அடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"என்ன செஞ்சேன்னு உனக்கே தெரியுதா மச்சான்?"

"தெரியல," என்றான் அவாலே.

ஷிர்வாவும் ஆட்களும் வேறொருவனிடமிருந்து ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டு அன்றைக்கே போனார்கள். திரும்பி வரவில்லை. எஞ்சின் நின்று யேமன் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள் என்றார்கள். சுட்டுவிட்டார்கள் என்றார்கள். ஷிர்வா கப்பல் பிடித்துப் பெரிய ஆளாகி எங்கோ தங்கப்பல் கட்டிக்கொண்டு இருக்கிறான் என்றும் ஒருத்தன் சொன்னான். கூரையில்லாத வீட்டில் ஆடுகள் அடைந்தன. பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

அவாலே ஏன் படகை உடைத்தான்? மச்சினன் உயிரைக் காப்பாற்றத்தான் என்று அர்தோவிடம் சொன்னான். அப்படியானால் அவன் எங்கே என்று அவள் கேட்டாள். பாஷேக்குக் கொடுத்த வாக்குக்காக என்று புராலேயிடம் சொன்னான். மூழ்கடிக்கப்போகிற படகை முன்கூட்டியே உடைப்பதில் என்ன வாக்கு என்றான் புராலே. ராத்திரி பகலாக யோசித்தும் அவனுக்கு மூன்றாவது காரணம் அகப்படவில்லை. நல்ல படகில் போயிருந்தால் ஷிர்வா பிழைத்திருப்பானோ என்ற நினைப்பு மட்டும் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் எதிரே வந்து உட்கார்ந்தது. அர்தோவுக்கும் அதே நினைப்பு. அவள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தேநீரை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவன் படகை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அந்தப் பருவத்தைக் கரையிலேயே கழித்தான்.

அடுத்த கோடையில், கடல் மூடியிருந்த ஒரு பகலில், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஷிர்வா. எங்கோ ஒரு தீவில், சிறையில் இருந்தான். சாம்பல் கப்பல்தான் பிடித்திருந்தது. உயிரோடு இருக்கிறான் என்று கேட்டதும் அர்தோ தரையில் உட்கார்ந்து மார்பில் கை வைத்துக்கொண்டாள். படகைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறான் என்று பயந்தான் அவாலே.

"மச்சான், எங்களைப் பிடிச்ச கப்பல்ல அந்த பாஷே இருந்தான். ஷிர்வான்னு என் பேரச் சொன்னதும் உடனே உன்னைக் கேட்டான். அந்த ஏணி நிஜமாவே கூரைக்குத்தானான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"கூரைக்குத்தான்னேன். அல்லா மேல சத்தியமா எங்க மச்சான் பொய் சொல்றவர் இல்லன்னேன்."

"ஏன்டா அப்படிச் சத்தியம் பண்ணினே?"

"நீ பண்ணலையா?"

"நான் தெரியாமப் பண்ணினேன்டா."

"நான் தெரிஞ்சே பண்ணினேன். கூரைக்குத்தான்னு கேக்க ஏங்குற மாதிரி அவன் முகம் இருந்துச்சு மச்சான். விடு."

அதற்குள் அர்தோ போனைப் பிடுங்கிக்கொண்டு, சோறு போடுகிறார்களா, மீனா இறைச்சியா, போர்வை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவாலே வெளியே வந்து வெயிலில் நின்று வாய்விட்டு அழுதான். ஓடிவந்து என்ன என்று கேட்டோம். மச்சினன் உயிரோடிருக்கிறான் என்றான். அதற்கா அழுகிறாய் என்று கேட்டதற்கு, இல்லை என்றான். கொஞ்சம் பொறுத்து, ஆமாம் என்றான்.